வாளி நிறையும் நேரம்

ஊர்களுக்கு மார்க் போடுவது என் பிழைப்பு. இதைச் சொன்னால் நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் யாரும் நம்புவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மார்க் போடலாம், மேடையில் ஆடுகிற பிள்ளைக்குப் போடலாம், ஊருக்கு எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே ரொட்டி சானாய் போடுகிற அண்ணன், மாவை விசிறிக்கொண்டே, "நம்ம புந்தோங்குக்கு எவ்ளோ போட்ட?" என்பார். "சாக்கடைக்கு மூடி போடட்டும் அண்ணே, அப்பறம் சொல்றேன்" என்பேன். இது எங்களுக்குள் வாரம் ஒருமுறை நடக்கிற பேச்சு.

ஈப்போவில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு சுற்றுலாத் தலம் எவ்வளவு விவேகமானது, தன்னையும் தன்னைச் சுற்றி இருப்பவர்களையும் கெடுக்காமல் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று அளந்து சொல்ல வேண்டும். படிவத்தில் இரண்டு பாதி. முதல் பாதியின் பெயர் விவேகம். இணைய வசதி உண்டா, கைப்பேசியிலேயே பணம் கட்டலாமா, குப்பைத்தொட்டி நிறைந்தால் தானாகத் தகவல் அனுப்புமா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். இரண்டாம் பாதி நிலைத்தன்மை. தண்ணீர், குப்பை, மரம், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, அவர்களின் மனநிறைவு ஆகியவை அதில் வரும். குகைக் கோயில் படிகளில் நின்று ஏறுகிறவர்களை எண்ணியிருக்கிறேன். பழைய நகரத்துச் சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க நிற்கும் கூட்டம், பக்கத்துக் கடைக்காரரின் வாசலை எத்தனை மணி நேரம் மறைக்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறேன். இரண்டையும் கூட்டினால் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் தேர்ச்சி. மஞ்சள் என்றால் திருத்திக்கொள்ள வேண்டும். சிவப்பு வந்தால் தொலைபேசியில் அழைத்து என்னைத் திட்டுவார்கள்.

எனக்கு அளப்பது பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கைப்பையில் அளவு நாடாவும் வெப்பமானியும் எப்போதும் இருக்கும். "ஏறக்குறைய", "ஒரு மாதிரியா", "பரவாயில்லை" என்று பதில் சொல்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்துவிடும் என்பதையும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணவர் செயலி வழியாக அழைக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறார். இறங்கிப் போகிற ஒவ்வொருவரும் கைப்பேசியில் அவருக்கு நட்சத்திரம் போடுவார்கள். ஒருநாள் யாரோ நாலு போட்டுவிட்டார்கள். மனிதர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "அஞ்சுக்கு நாலு நல்ல மார்க்தானே?" என்றேன். "நீ மார்க் போடுற ஆளு, உனக்கு எங்க தெரியும்? நாலுன்னா பெயிலுலா. ரெண்டு மூணு தடவ நாலு வந்தா, வர்ற ஓட்டமும் வராது" என்றார். நான் சிரித்தேன். அளவுகோலின் உச்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டால் அது என்ன அளவுகோல் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் எழுந்து தட்டைக் கழுவப் போனார். அந்தச் சிரிப்புக்கு நான் பின்னால் வெட்கப்பட வேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து, பீடோருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை அளக்க என்னை அனுப்பினார்கள். தோட்டம் என்று பெயர்தான். சுற்றிலும் எண்ணெய்க்காகச் செம்பனை போட்டு வருடக்கணக்காகிவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் ரப்பர்ப் பால்மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள், வருகிறவர்களுக்குப் பால்வெட்டு காட்டுவதற்காக. தொழிலாளர் வீடுகளின் இரண்டு வரிசைகளில், அதாவது இரண்டு லயங்களில், ஒன்றைப் பழுது பார்த்து, சாயம் அடித்து, எட்டு விருந்தினர் அறைகளாக்கியிருந்தார்கள். ரப்பர் பாலை உறையவைத்த ஸ்டோர் இப்போது சாப்பாட்டுக் கூடம். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பெரட்டுக் களத்தில் ஊஞ்சல் தொங்கியது. மற்ற லயத்தில் இன்னும் பதினான்கு குடும்பங்கள் இருந்தன.

இதை நடத்தியவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். வயது நாற்பதுக்குள் இருக்கும். லயத்தின் கோடியில் இருந்த சின்ன மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, படித்து, வெளியூர் ஓட்டல்களில் வேலை பார்த்து, திரும்பி வந்து இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். என்னை அக்கா என்றார். நானும் தம்பி என்றேன். நல்ல மனிதர். வாசல் கூட்டுவதிலிருந்து சமையல்வரை எல்லா வேலைக்கும் லயத்து ஆட்களையே வைத்திருந்தார். இன்னும் பத்து அறைகள் கட்டத் திட்டம் தயாராக இருந்தது. பச்சை கிடைத்தால் சுற்றுலாத் துறையின் அனுமதி வந்துவிடும், பள்ளி விடுமுறைக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் உங்க கையிலதான் இருக்கு அக்கா."

"என் கையில ஒண்ணும் இல்ல தம்பி. இருக்கிறதை எழுதுவேன்" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

முதல் நாள் விவேகம். தம்பி அதில் புலி. ஒவ்வொரு மரத்திலும் ஒரு குறியீடு ஒட்டியிருந்தார். கைப்பேசியைக் காட்டினால் அந்த மரத்தின் வயது வரும். அறைகளில் ஆள் இல்லையென்றால் விளக்கு தானாக அணைந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கருவி இருந்தது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத் தன் கைப்பேசியில் பச்சைக் கோடாகக் காட்டி, "ஈப்போவுல உக்காந்தும் பாக்கலாம் அக்கா. கொறைஞ்சா இதுவே பம்பைத் தட்டிவிடும்" என்றார். பச்சைக் கோடு தொட்டியின் முக்கால் உயரத்துக்கு நின்றது. நான் முழு மார்க் போட்டேன். தொட்டி எந்தப் பக்கத்துக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அளப்பவளுக்கு அது அழகில்லை, ஆனால் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை, லயத்துக்குப் போனேன். பதினான்கு வீடுகளிலும் வீட்டுக்கொருவர் என்று கேள்வி கேட்க வேண்டும். டேப்லெட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். முழுவதும் ஒத்துக்கொண்டால் ஐந்து, கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று. என்னோடு வேலை செய்கிற மற்றவர்கள் இதைப் படிவத்தில் உள்ளபடி விறைப்பாக வாசிப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. நம்ம ஆட்களிடம் நம்ம ஆளாகப் பேச வேண்டும் என்பது என் கட்சி. அதனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எனக்கு ஒரு சின்ன உதவி பண்ணணும். நான் படிக்கிறேன், நீங்க நட்சத்திரத்தைத் தொட்டா போதும்" என்றுதான் ஆரம்பித்தேன். வேறு விளக்கம் சொல்லவில்லை.

எல்லாரும் உதவி செய்தார்கள். முதல் வீட்டில் ஐந்து, இரண்டாம் வீட்டில் ஐந்து. சுற்றுப்பயணிகளால் சத்தம் இல்லை, ஐந்து. தண்ணீருக்கு இடைஞ்சல் இல்லை, ஐந்து. ஏழாம் வீட்டில் ஒரு பெரியவர். "இங்கே பேருந்து வசதி போதிய அளவு உள்ளது" என்று வாசித்தேன். அதற்கும் ஐந்து.

"ஐயா, பஸ் வருதா இங்க?"

"பஸ்ஸா? அது நின்னு ரொம்ப வருசம் ஆச்சு."

"அப்பறம் அஞ்சு போட்டிருக்கீங்களே?"

"இருக்கட்டும்மா" என்று சொல்லிப் பெரிய மனதோடு கையை அசைத்தார்.

எனக்கு வழக்கமான எரிச்சல் தலைதூக்கியது. இருந்தாலும், பெரியவர், கேள்வி காதில் சரியாக விழுந்திருக்காது என்று விட்டுவிட்டேன்.

கடைசி வீட்டில் ஓர் அக்கா. அவர் மகள் விருந்தினர் பக்கத்துச் சமையலறையில் வேலை செய்தாள். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்காவின் விரல் ஐந்தாவது நட்சத்திரத்தில் போய் நின்றது. எல்லாவற்றையும் அமுக்கி முடித்துவிட்டு, பெரிய கடமை ஒன்றைக் கழித்த திருப்தியோடு, "வா, சாப்ட்டுட்டு போ" என்றார். ஹுத்தான் மெலிந்தாங்கில் கட்டிக்கொடுத்த தங்கச்சி கொண்டுவந்த கருவாடாம், கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறாராம். வாசம் வாசல்வரை வந்து நின்றது.

"வேணாம் அக்கா. ரூல்ஸ் இருக்கு. ஆய்வுக்குப் போற எடத்துல சாப்பிடக் கூடாது."

"ஒரு வாய் சோத்துக்கு என்னா ரூல்ஸு?"

"வேலை போயிரும் அக்கா."

அவர் முகம் சட்டென்று மாறியது. "அப்ப வேணாம் வேணாம்" என்றார், என்னைவிட அவசரமாக. ஆனால் தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்த விதத்தில் அவருக்கு மனத்தாங்கல் என்று தெரிந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பசியும் இருந்தது.

வெளியே வந்து லயத்தின் பின்பக்கமாக நடந்தேன். ஒவ்வொரு சமையலறைக்குப் பின்னாலும் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல நிறத் தோம்பு ஒன்று, சில வீடுகளில் இரண்டு. மேலே பலகை போட்டுச் செங்கல் வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு, கொடியில் கிடந்த துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. அப்படியானால் விடிவதற்கு முன்னாலேயே துவைத்திருக்க வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் யார் இப்படிச் செய்வார்கள்? நான் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த டேப்லெட்டில் தண்ணீருக்குப் பதினான்கு ஐந்துகள் இருந்தன.

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு வேன் நிறைய விருந்தினர்கள் வந்தார்கள். பால்மரங்களைச் சுற்றிவிட்டு, வியர்த்து வழிந்து, அவரவர் அறைக்குள் போனார்கள். எட்டு அறைகளிலும் குளிக்கிற சத்தம். தொட்டியடியில் பம்பு உறுமத் தொடங்கியது. நான் மறுபடி லயத்துக்கு நடந்து, கடைசி வீட்டுப் பின்பக்கக் குழாயில் கை கழுவப் போவதுபோலத் திறந்தேன். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு, நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர் விட்டது.

அக்கா ஓடி வந்தார், ஏதோ தன் வீட்டுக் குற்றம் வெளியே தெரிந்துவிட்டதுபோல. "அது அப்டிதான்லா. சாயந்தரம் அஞ்சு அஞ்சரைக்கு வந்துரும். நாங்க வெள்ளனயே புடிச்சு வச்சிர்றோம்."

"அக்கா, ஒரு வாளி குடுங்க."

பத்து லிட்டர் வாளி ஒன்றைக் குழாயடியில் வைத்தேன். கைப்பேசியில் நேரத்தைத் தட்டினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் அடி மறைந்தது. இருபது நிமிடத்தில் கால்வாசிகூட ஏறவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"காலையில அஞ்சு போட்டீங்களே அக்கா? தண்ணிக்கு இடைஞ்சல் இல்லைன்னு?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்குதானே போட்டோம்."

"எனக்கா?"

"என் மகன் ஈப்போவுல மோட்டர் சைக்கிள்ல சாப்பாடு கொண்டு குடுக்குறான். ஒருத்தன் நாலு போட்டான்னு அன்னைக்கு எவ்ளோ அழுதான் தெரியுமா? நட்சத்திரம் கொறைஞ்சா கெர்ஜா போயிருமாம், வேலை இல்லாம நிக்கணுமாம். நட்சத்திரம் கேட்டு நீ வர்றேன்னு தெரிஞ்சதும் மொத நாளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நம்ம பொண்ணு, வெயில்ல அலையுது, போன்ல நட்சத்திரம் காட்டும், யாரும் அஞ்சுக்குக் கீழ போட்டுறாதீங்கன்னு. நீயும் உதவி பண்ணுங்கன்னுதானே கேட்ட?"

முதலில் சிரிப்பு வந்தது. பேருந்தே வராத ஊரில் பேருந்துக்கு ஐந்து போட்ட பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் காதில் கேள்வி தெளிவாகவே விழுந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருத்தியின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, சாப்பாட்டை மறுக்க நானே "வேலை போயிரும்" என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். நம்ம ஆளாகப் பேசுகிறேன் என்று இளித்துக்கொண்டு நின்று, அளவுகோலை நானே உடைத்திருக்கிறேன். வீட்டில் தட்டைக் கழுவப் போன மனிதர் கண் முன்னால் வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

உட்கார்ந்து விளக்கினேன். இந்த மார்க் எனக்கு இல்லை, இந்த இடத்துக்கு. பச்சை வந்தால் இன்னும் பத்து அறைகள் வரும். வருகிறது ஒரே குழாய். அதை இரண்டாகப் பிரித்து விருந்தினர் பக்கத்தில் பம்பு வைத்திருக்கிறார்கள். பம்பு ஓடினால் லயத்துக்கு வர வேண்டியதும் அங்கே போய்விடும். எட்டு அறைக்கே இப்படியென்றால் பதினெட்டு அறைக்கு, சாயங்காலம் வருகிற தண்ணீரும் வராது.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "அதைத்தான் நாங்களும் பேசிக்கிறோம்" என்றார் மெதுவாக.

"அப்ப திரும்பப் போடுவோமா? இப்ப உண்மையா போடுங்க."

"தம்பிக்கு மார்க்னா அதுக்கும் அஞ்சுதான். நம்ம வீட்டுப் புள்ள. ரூம்பு கட்டுனா இன்னும் நாலு பேருக்கு வேலை கெடைக்கும். என் மக அங்கதான் நிக்கிறா. அவன் நல்லதை நான் கெடுப்பேனா?" கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார். "தண்ணியும் வேணும்தான். அதை எப்டி வாயால சொல்றது? ரொம்ப சூசாலா, கஷ்டம்."

வாயால் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களிடம் ஆயிரம் நட்சத்திரம் கொடுத்தாலும் ஆயிரத்தையும் தொட்டுவிடுவார்கள். அது பொய் இல்லை. அவர்கள் மனிதர்களுக்குப் போட்டார்கள், நான் குழாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரிக்கா. நட்சத்திரம் வேணாம். நாளைக்கு வேன் வர்ற நேரத்துக்கு எல்லார் வீட்டு வாளியையும் கொழாய்க்குக் கீழ வைக்கச் சொல்லுங்க. யாரும் எதுவும் சொல்ல வேணாம். நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் பதினான்கு குழாய்களின் கீழும் பதினான்கு வாளிகள். எல்லாம் ஒரே அளவாக இருக்க, பத்து லிட்டர் கோட்டை நானே பேனாவால் வரைந்தேன். வேன் வந்தது, பம்பு உறுமியது, நான் நேரத்தைத் தட்டிவிட்டு முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்கும் திரும்பவும் நடந்தேன். விருந்தினர் பக்கத்தை ஒட்டிய முதல் வீட்டில் ஆறு நிமிடத்தில் நிறைந்தது. ஐந்தாம் வீட்டில் பதினைந்து. பெரியவர் வீட்டில் அரை மணி. அதற்கு அப்பால் நான் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாளிக்குப் பக்கத்தில் அவரவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இது என்ன கூட்டம் என்று பார்க்கத் தம்பி வந்தார். முதல் வீட்டைத் தாண்டி, ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். நடை தளர்ந்துகொண்டே வந்தது. கடைசி வீட்டில் நின்று கைப்பேசியை எடுத்தார். பச்சைக் கோடு அதே முக்கால் உயரத்தில் நின்றது.

"தம்பி, அந்தக் கருவி எந்தத் தொட்டியில இருக்கு?"

"கெஸ்ட் பக்கத்துத் தொட்டியில." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது. "நீங்க மார்க் போட வந்தீங்களா அக்கா, ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து பண்ண வந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அதில் நியாயம் இருந்தது. அவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஏன் அத்தை யாருமே சொல்லல?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்கு நல்லா நடக்குது. அதுல போயி தண்ணிய சொல்லணுமான்னு இருந்தோம்யா" என்றார்.

தம்பி குனிந்து, வாளியை இலேசாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்துவிட்டார். அன்று மாலை நான் கிளம்பும்போது சொன்ன வணக்கத்துக்கும் பதில் வரவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பியதும் வேறு சிக்கல் காத்திருந்தது. குடியிருப்பாளர்கள் போட்ட மார்க்கை ஆய்வாளர் மாற்றக் கூடாது. அது நல்ல விதி. நானே பலருக்கு அதைப் பாடம் எடுத்திருக்கிறேன். பதினான்கு பேர் தண்ணீருக்கு ஐந்து போட்டிருக்கும்போது, நான் ஒருத்தி வாளியைக் காட்டினால் யார் கேட்பார்கள்? என் மேலதிகாரி சீன அம்மா. நிதானமானவர். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரே வழிதான் இருக்கிறது என்றார். கேட்ட முறையே தவறு என்றால் அந்தப் பகுதியை முழுவதுமாக ரத்து செய்யலாம், அளந்த கணக்கை அதன் இடத்தில் வைக்கலாம். ஆனால் யாருடைய தவறு என்று எழுத வேண்டும். அது என் பணிக் கோப்பில் நிற்கும்.

இத்தனை வருடத்தில் என் கோப்பில் ஒரு கீறல் கிடையாது. அதை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன் என்பது அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. லயத்து ஆட்கள் என் வேலையைக் காப்பாற்றத்தான் தங்கள் தண்ணீரைத் தாரை வார்த்தார்கள். இப்போது நானும் என் கோப்பைக் காப்பாற்றிக்கொண்டால், அவர்கள் செய்த உதவி முழுதாக நிறைவேறிவிடும். 'ஆய்வாளர் கேள்வியின் நோக்கத்தை விளக்கவில்லை. பதில்கள் ஏற்கத் தக்கவை அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே பதினான்கு வாளிகளையும் வரிசையாக எழுதினேன், நிறைந்தவற்றுக்கு நிமிடம், மற்றவற்றுக்கு 'நிறையவில்லை' என்று. மஞ்சள் வந்தது. லயத்துக்குத் தனித் தொட்டி வைத்த பிறகே புது அறைகள் என்று நிபந்தனை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த நாலைப் பத்தி அன்னைக்கு நான் சொன்னப்ப சிரிச்ச" என்றார். "சிரிச்சது தப்புதான்" என்றேன். அன்றிரவு தட்டுகளை நான் கழுவினேன்.

மாதங்கள் ஓடின. பள்ளி விடுமுறையும் வந்து போனது. அந்தத் தோட்டத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. மறு ஆய்வுக்கு வேறொருவரைத்தான் அனுப்புவார்கள், அதுவும் விதி. எனக்கு அடிக்கடி அந்த வாளிகள் ஞாபகத்துக்கு வரும். தம்பி கோபத்தில் இடத்தையே மூடிவிட்டால் அந்த அக்கா மகளின் வேலை என்னவாகும் என்று பயமாகவும் இருந்தது.

ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டார். மறு ஆய்வு முடிந்து அந்த இடம் பச்சைக்கு வந்துவிட்டதாம். நான் பெருமூச்சு விடுவதற்குள் இன்னொரு தாளை நீட்டினார். நிறுவனத்தில் அப்போது புதிதாக ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஆய்வு முழுதாக முடிந்ததும், ஆய்வு செய்யப்பட்டவர்கள் ஆய்வாளருக்கு நட்சத்திரம் போட வேண்டும். நடத்துபவர் ஒருவர், குடியிருப்பவர் ஒருவர். ஆக, லயத்து ஆட்கள் நினைத்தது அவ்வளவு தப்பும் இல்லை. எனக்கும் மார்க் போடுகிற நாள் வந்துவிட்டது. தம்பி இரண்டு போட்டிருந்தார். எதிர்பார்த்ததுதான். குடியிருப்பவர் சார்பில் கடைசி வீட்டு அக்கா. நாலு.

நாலைப் பார்த்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. கணவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று இப்போது மிகத் துல்லியமாகத் தெரிந்தது. பேருந்துக்கே ஐந்து போட்ட லயம், எனக்கு நாலா? மேலதிகாரி அறையை விட்டு வெளியே வந்து, நேரே அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன். என் குரல் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். சாப்ட்டியா, வீட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று அடுக்கினார். மகள் இப்போது சமையலறைக்கே மேற்பார்வையாளராம். தம்பி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம், அப்புறம் அவரே நின்று தொட்டி வைத்தாராம்.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "எனக்கு நாலு போட்டிருக்கீங்களே அக்கா?"

"இரு இரு, வாளி வழியுது, கொழாய மூடிட்டு வாரேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று ஆகப் பத்து நிமிடம். அங்கே விருந்தினர்கள் குளிக்கிற நேரம். தண்ணீர் தரையில் கொட்டுகிற சத்தமும், குழாயைத் திருகுகிற சத்தமும், செருப்புச் சத்தமும் காதில் விழுந்தன. அக்கா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"என்னா கேட்ட? நாலா? உண்மையா போடுங்கன்னு நீதானே சொல்லிக் குடுத்த? எல்லாம் நல்லாதான் செஞ்ச. ஆனா என் வீட்டு வாசல்வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் சாப்டாம போனல்ல, அதுக்கு ஒண்ணு புடிச்சுட்டேன். வந்து சாப்ட்டுட்டு போ, அதையும் போட்டுர்றேன்."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழைப்பு முடிந்த பிறகும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த லயத்தில் ஒருவர் முதன்முறையாக மனதில் பட்டதை அப்படியே மார்க்காகப் போட்டிருக்கிறார், அதுவும் எனக்கு.